கட்டி இல்லாத குற்றம்

எங்கள் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் விலங்கு நலக் குழு இதுவரை யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. குழுத் தலைவர் டாக்டர் கோர்டன் ஹால்வர்சன் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இதைப் பெருமையோடு அறிவிப்பார், நாங்கள் கைதட்டுவோம். 'சரி' என்றும் யாருக்கும் சொன்னதில்லை என்பதை அவர் அறிவிப்பதில்லை. முயல் கூண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக்க அனுமதி கேட்ட ஒருவருக்குப் பதில் போய்ச் சேர்ந்தபோது, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அரிசோனா வெயிலில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். முயல்களைப் பற்றித் தகவல் இல்லை.

நாங்கள் டுலூத்காரர்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில், ஏரிக் காற்று முகத்தில் அறையும் ஊரில் இருப்பவர்களுக்கு, அடுத்தவர் முகத்தில் அறைந்தாற்போல் பேச மனம் வராது. ஒன்று பிடிக்கவில்லை என்றால் "அது ஒரு மாதிரி இருக்கு" என்போம். அறவே பிடிக்கவில்லை என்றால் "சுவாரசியமா இருக்கு" என்போம். தட்டில் கடைசியாக ஒரு தின்பண்டம் மிஞ்சினால் அதை யாரும் எடுக்க மாட்டோம். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விடுவோம். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். கடைசியில் தூசு அளவுக்கு ஒரு துணுக்கு எஞ்சும்; அதைப் பாத்திரம் கழுவும் தண்ணீர் கொண்டுபோகும். இதற்கு எங்கள் ஊரில் பண்பாடு என்று பெயர்.

இந்தப் பண்பாட்டுக்குள் பிலடெல்பியாவின் தெற்கிலிருந்து வந்து விழுந்தவள்தான் ஜினா டிபாவ்லோ. எனக்கு அடுத்த மேசை. வந்த முதல் நாளே, "யோவ் லைல், இந்த ஊர்ல காப்பின்னு குடுக்கறது நிஜமாவே காப்பியா, இல்ல பாத்திரம் அலசின தண்ணியா?" என்று கேட்டாள். எனக்கு வாழ்க்கையில் யாரும் 'யோவ்' போட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அவளுடைய வேலை, கட்டி வந்த எலிகளின் உடம்பில் இருக்கும் அடக்கும் செல்களைப் பற்றியது. நம் உடம்பில் சண்டைக்காரச் செல்கள் உண்டு. கிருமியையும் கட்டியையும் கண்டால் பாயும். 'போதும், வீட்டுக்குப் போங்கப்பா' என்று அவற்றை அடக்கி அனுப்பும் செல்களும் உண்டு. அவையும் வேண்டியவைதான், இல்லாவிட்டால் சண்டைக்காரர்கள் கிருமியை முடித்த சூட்டோடு நம் மூட்டுகளைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் கட்டி விவரமானது. எலும்பு மஜ்ஜையில், இன்னும் எதுவாகவும் ஆகாமல், நாளைக்குச் சண்டைக்காரர்களாகப் போகிற இளசுகளை முன்கூட்டியே வரவழைத்து, அடக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவை கட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் இருக்கும் சத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். சண்டைக்கு வந்தவை பட்டினியில் துவண்டு போகும். கட்டி நிம்மதியாக வளரும்.

இந்த அடக்கும் கூட்டத்தைக் கலைக்க ஜினா ஒரு மருந்து வைத்திருந்தாள். மருந்து போட்ட எலிகளில் பல செத்தன. ஒரே ஒரு கூண்டில் ஐந்து எலிகளுக்குக் கட்டி சுருங்கி, பட்டாணியாகி, ஒரு காலையில் காணாமலே போயிருந்தது. ஜினா அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடி வந்தாள். ஓடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

ஐந்தில் ஒரு எலிக்கு அவள் பெயர் வைத்திருந்தாள்: கார்மெலா. எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன்.

"எங்க அத்தை பேரு. டாக்டருங்க எல்லாம் கைவிட்டப்புறம் எட்டு வருஷம் எல்லாரையும் திட்டிக்கிட்டே உயிரோட இருந்தா. இவ மூஞ்சிய பாரு, அதே முறைப்பு."

பார்த்தேன். முறைக்கத்தான் செய்தது.

அடுத்து ஜினா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எலிகளைக் கொஞ்ச காலம் நன்றாக வாழவிட்டு, அதே கட்டியை மறுபடி ஊசியில் ஏற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டால் முதல் தடவை நடந்தது வெறும் அதிர்ஷ்டம். ஒட்டாமல் போனால், உடம்பு எதிரியை நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இரத்தம் எடுத்து, அந்த நினைவு எந்தச் செல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு நாள் யாரோ ஒருவருடைய அத்தைக்குப் பயன்படும். இதற்கெல்லாம் முதலில் எலிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

கூண்டுகளைப் பார்வையிட வந்தவர் குழுவின் செயலாளர் பெவர்லி ஸ்டென்ஸ்ருட். கையுறை போட்ட விரலால் கார்மெலாவின் விலாவைத் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"இதுல கட்டியைக் காணோமே, கண்ணு."

"கரைஞ்சுபோச்சு!" என்று ஜினா கிட்டத்தட்ட குதித்தாள்.

"ஓ," என்றார் பெவர்லி. "சுவாரசியமா இருக்கு."

எனக்கு அர்த்தம் புரிந்தது. ஜினா, பாவம், பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உத்தரவு வந்தது. ஜினாவுக்கு அனுமதி தரப்பட்டது கட்டி உள்ள எலிகளை வைத்துக்கொள்ளத்தான். கட்டி இல்லாத ஐந்து எலிகள் அனுமதியின்றி இந்தக் கட்டடத்தில் குடியிருக்கின்றன. உடனே அவற்றை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். விளக்கம் இருந்தால் குழுவின் முன் வந்து சொல்லலாம்.

குழு கூடும் அறையில் நீள மேசை. தலைப்பக்கம் ஹால்வர்சன், கம்பளிச் சட்டை, கனிந்த முகம். வலப்பக்கம் பெவர்லி. இடப்பக்கம் பாதிரியார் இங்வால்ட். நிலையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாள் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் அந்த வெளியாளாக இங்கே இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார், கார் நிறுத்தப் பெயர் போட்ட இடம்கூட உண்டு. நடுவில் பெவர்லி வீட்டில் செய்த எலுமிச்சை பார்கள்: அடியில் பிஸ்கட், மேலே புளிப்பும் இனிப்புமாகக் கூழ், அதன்மேல் சர்க்கரைத் தூள். ஜினாவுக்குத் துணையாக நான் போயிருந்தேன். நாங்கள் உள்ளே நுழையும்போதே தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்.

ஜினா உட்கார்ந்தாள். "ஐயோ, காலைல இருந்து சாப்பிடல," என்றபடி அந்தத் துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. பாதிரியார் கண்ணை மூடினார். பெவர்லி வெறும் தட்டைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார்.

"நாங்க எப்பவும் எலிகளோட பக்கம், ஜினா. அதை நீங்க மறந்துடக் கூடாது. ஒரு எலி எதுக்காக இங்க வருது? கட்டி வர்றதுக்கு. கட்டி வந்து, அதை அளந்து, அப்புறம் வலி தெரியாம போய்ச் சேர்றதுக்கு. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு, ஒரு கண்ணியம் இருக்கு. நடுவுல நீங்க அதைக் குணப்படுத்திட்டா அது எங்க போகும் சொல்லுங்க? குணமான எலிக்கு இந்தக் கட்டடத்துல ஒரு வசதியும் கிடையாதே."

"டாக்டர், இது புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம்தானே?"

"ஆமா," என்றார் அவர் பொறுமையாக. "ஆராய்ச்சி நிலையம்."

ஜினா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொல்லாம விட வழியே இல்லையா?" என்றாள்.

குழு குசுகுசுவென்று பேசியது. பிறகு ஹால்வர்சன் முகம் மலர்ந்தது. "நாங்க முடியாதுன்னு சொல்றவங்க இல்ல. தப்பைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர்றோம். அந்தக் கட்டியை எலிங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. பழையபடி ஆயிட்டா, பிரச்சினை இல்லை."

வெளியே வந்ததும் ஜினா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"லைல்! மறுபடியும் கட்டி ஊசி போடணும்னு நானா அனுமதி கேட்டிருந்தா எப்ப கிடைச்சிருக்கும்?"

"உன் பேத்தி வந்து வாங்கிட்டுப் போயிருப்பா."

"அதை எனக்குத் தண்டனையா குடுத்திருக்காங்கய்யா! இந்த ஊரை நான் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்!"

ஊசி போட்டாள். காத்திருந்தோம். பக்கத்துக் கூண்டில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த புது எலிகளுக்குக் கட்டி மளமளவென்று வளர்ந்தது. கார்மெலாவுக்கும் கூட்டாளிகளுக்கும் ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டன, சக்கரத்தில் ஓடின, ஒன்றன் வாலை ஒன்று கடித்தன. ஜினா என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர். எனக்குத் தோளில் வலி. உடம்பு மறக்கவில்லை.

குழு இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. ஊசியை இன்னொரு விலாவில் போடச் சொன்னது. அங்கும் வரவில்லை. ஊசியில் கட்டியின் அளவைக் கூட்டி மூன்றாம் முறை போடச் சொன்னது. வரவில்லை. ஹால்வர்சனும் பாதிரியாரும் தாங்களே பார்க்க வந்தார்கள். தலைக்கு உறை, முகத்துக்கு உறை, காலுக்கு உறை. பாதிரியார் கூண்டுக்கு முன்னால் குனிந்து, "இதுக்கு வருத்தம் இருக்கற மாதிரியே தெரியலையே," என்றார். கார்மெலா அவரை முறைத்தது.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் குழு பெருத்தது. கட்டி மீட்புத் துணைக்குழு என்று ஒன்று வந்தது. அதைக் கண்காணிக்க ஒன்று வந்தது. இரண்டுக்கும் இடையில் சுமுகம் காக்க மூன்றாவது. ஆள் எங்கிருந்து? புதிதாக வேலைக்குச் சேர்ந்து, இன்னும் எந்த ஆய்வும் தொடங்காத இளம் விஞ்ஞானிகளை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மாடியில் இருந்த ஒரே கூட்ட அறை அவர்களுக்குப் போனது. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஆராய்ச்சி பேசினோம். பால், சர்க்கரை, காப்பி எல்லாம் பத்து மணிக்கே தீர்ந்தது. எலிகளுக்கு மருந்து போட வேண்டிய நேரத்தில் ஜினா மேலே போய், ஏன் மருந்து போடவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி விசாரணையில் உட்கார நாற்காலி போதவில்லை. ஹால்வர்சன் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

"மூணு வாய்ப்பு குடுத்தோம். மூணு தடவையும் இந்த எலிங்க ஆரோக்கியமாவே இருந்துட்டுப் போச்சுங்க. ஒரு நிறுவனம் இதுக்கு மேல எவ்வளவு இறங்கி வர முடியும்? இதை ஒத்துழையாமைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா வேற வார்த்தையும் வரல."

பெவர்லி தயக்கத்தோடு கை தூக்கினார். "எனக்கு ஒரு சின்ன யோசனை. ஜினா எழுதினதையெல்லாம் படிச்சேன். நோயாளி எலிங்க உடம்புல அந்த அடக்கற செல்லு நிறைய இருக்காமே? அதுல கொஞ்சம் எடுத்து இதுங்களுக்கு ஏத்திட்டா, அப்புறம் கட்டி தானா ஒழுங்கா வளரும், இல்லையா கண்ணு?"

"வளரும்," என்றாள் ஜினா. அவள் குரல் எழும்பவே இல்லை. "வளர்ந்து கார்மெலா செத்துப்போவா."

"ஆனா அனுமதியோட," என்றார் பாதிரியார் ஆறுதலாக.

ஜினா எழுந்து மேசையில் ஓங்கி அடித்தாள். சர்க்கரைத் தூள் பறந்தது. "உங்களுக்கெல்லாம் விலங்கு நலக் குழுன்னு பேரு! அடக்கற செல்லைத் தேடி நான் ஏன் எலியை அறுத்துக்கிட்டு இருந்தேன்? இங்க வரிசையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கே! கட்டியைச் சுத்தி உட்கார்ந்து, இருக்கறதையெல்லாம் தின்னுட்டு, வேலை செய்யறவன் ஒவ்வொருத்தனையும் தட்டித் தூங்க வைக்கறீங்களே, நீங்கதான்யா அது!"

நான் நாற்காலிக்கு அடியில் போய்விட நினைத்தேன். ஹால்வர்சனோ நெகிழ்ந்துவிட்டார்.

"ரொம்ப நன்றி, ஜினா. அந்தச் செல்லுங்க இல்லைன்னா உடம்பு தன்னைத்தானே கடிச்சுத் தின்னுடும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எங்க வேலையை இவ்வளவு அழகா யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல. இதைக் குறிப்புல சேர்த்துக்கோங்க, பெவர்லி."

அடக்கும் செல்களை ஏற்றுவது பற்றி அடுத்த வாரம் வாக்கெடுப்பு என்று முடிவானது. முடிவு என்னவாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஹால்வர்சன் ஜினாவைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு துடிப்பான ஆளு வெளியில நின்னு கத்தறது வீண். குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு. உள்ள வந்துடுங்களேன். அப்புறம் பாருங்க, உறுப்பினரோட சொந்த எலிங்க விஷயத்துல குழு முடிவெடுக்கக் கூடாதுன்னு விதி. அது அப்படியே நிலுவையில நிக்கும். யாரும் கொல்ல முடியாது."

"யாரும் சோதனையும் பண்ண முடியாது," என்றேன் நான், கொஞ்சம் மெதுவாக.

அன்று மாலை ஜினா கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கார்மெலா சக்கரத்தில் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"உயிரோட இருந்தாத்தானே லைல் மத்ததெல்லாம்? ஒரு குளிர்காலம். உள்ள போறேன், அந்த முட்டாள் விதியை மாத்தறேன், வெளிய வந்துடறேன்."

"அம்மா தாயே, உள்ள போன யாரும் வெளிய வந்து நான் பார்த்ததில்ல."

"அவங்கெல்லாம் உங்க ஊர்க்காரங்க. நான் பிலடெல்பியா."

உறுப்பினரானாள். முதல் கூட்டத்திலேயே கடைசித் துண்டை எடுத்துத் தின்றாள் என்று சொல்லிச் சிரித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டாவது கூட்டத்தில் விதியை மாற்றச் சொல்லிப் பேசினாள். எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு துணைக்குழு போட்டு, அவளையே தலைவியாக்கினார்கள். துணைக்குழுவுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவள் மேசையில் தூசு படிந்தது. ஒரு நாள் துடைத்துவிட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

குளிர்காலம் போய், இன்னொன்று வந்தது. 'யோவ்' எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நான் புதிதாக எழுதிய ஒரு கட்டுரையை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அது ஒரு மாதிரி இருக்கு, லைல்," என்றாள். நான் வீட்டுக்குப் போய் அதைக் கிழித்துப் போட்டேன். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி சொல்லியிருந்தால் வலித்திருக்காது.

எலிகளுக்கு வயதானது. ஒவ்வொன்றாக நான்கு போய்ச் சேர்ந்தன. கட்டியால் அல்ல, முதுமையால். ஒவ்வொன்றுக்கும் குழு ஓர் இரங்கல் தீர்மானம் போட்டது. இரத்தம் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. கார்மெலா மிஞ்சியது. பின்பக்கம் முடி கொட்டி, சக்கரத்தில் ஏறி நாலு அடி வைத்துவிட்டு மூச்சு வாங்கும். முறைப்பு மட்டும் குறையவில்லை. மூன்று முறை கட்டியைத் துரத்திய நினைவு அந்தச் சின்ன உடம்பில் எங்கேயோ இருந்தது. அது செத்தால் அதோடு போய்விடும்.

நான் வாழ்க்கையில் எதையும் துணிந்து கேட்டதில்லை. அன்று கேட்டேன். கார்மெலாவிடமிருந்து ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். எலிக்கு ஒன்றும் ஆகாது. கேட்பது நான், உறுப்பினர் இல்லை; அதனால் அந்த விதி குறுக்கே வராது என்று நினைத்தேன். குழுவில் ஜினா இருக்கிறாள் என்ற தைரியம்.

அறையில் இப்போது இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் ஜினா எழுந்தாள். "இது என் எலி. நான் இதுல இருக்கக் கூடாது, வெளிய போறேன்," என்றாள். எங்கள் ஊரில் வெளியே போவது லேசான காரியம் இல்லை. கதவில் கை வைத்தபடி நின்று பேசி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவளும் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா பொதுவா ஒண்ணு சொல்றேன். வயசான எலி. முதல்ல அதுக்கு வலி இருக்குமான்னு ஒரு துணைக்குழு போட்டுப் பார்த்துக்கிட்டா நல்லது."

"ஜினா," என்றேன். "கார்மெலாவுக்கு அவ்வளவு நாள் இல்ல. உனக்குத் தெரியும்."

"தெரியும், லைல்." குரலில் அப்படி ஒரு கனிவு. "அதனாலதான் சொல்றேன். அவசரப்பட வேண்டாம்."

"அழகா சொன்னீங்க," என்றார் ஹால்வர்சன்.

ஜினா வெளியே போனாள். துணைக்குழு அமைக்க எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். யாரும் 'முடியாது' என்று சொல்லவில்லை. பெவர்லி தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். எலுமிச்சை பார், இந்தத் தடவை ஜினா வீட்டில் செய்தது. ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடு ஜினா, என்று மனசுக்குள் கெஞ்சினேன். முழுசா எடுத்து வாயில் போடு, இவங்க மூச்சு நிக்கட்டும்.

ஜினா கத்தியை எடுத்தாள். துண்டைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, மறு பாதியைத் தட்டிலேயே விட்டுவைத்தாள்.